பாலர் பாதுகாப்பும் படம் பிடிப்போரும்

பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவொன்றை வாசகர்கள் மனக்கண்முன் கொண்டு வருவார்களாக. முண்டாசு கட்டிய பாலகன் ஒருவன் பாரதியாராக நிற்கின்றான். கோலூன்றிய மற்றொருவன் காந்தியடிகளாக நிற்கின்றான். நாட்டியத்திற்கென்று அலங்கரித்த சிறுமியர் மேடையின் பின்புறம் காத்திருக்கின்றனர். அவர்களிடையே காமிரா ஏந்திய இளைஞர் ஒருவர் தடையின்றி உலாவுகின்றார். அவர் தொழிலாகப் படம் பிடிப்பவரல்லர். கலையில் உள்ள ஆசையால், காசு வாங்காமல், யாரோ ஓர் ஆசிரியர் சொல்லி வந்தவர். அவர் நல்லவராக இருத்தல் கூடும், பெரும்பாலும் நல்லவரே. ஆயினும் அவர் யார், எவ்வூரினர், அவர் எடுக்கும் படங்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதை விழா நடத்துவோரில் ஒருவரேனும் விசாரித்ததுண்டா? இதுவே நாம் இன்று கேட்கும் கேள்வி.

இக்கேள்விக்கு நமது சட்டம் பாதி விடையே அளிக்கின்றது. பாலியல் குற்றங்களினின்றும் குழந்தைகளைக் காக்கும் பொருட்டு 2012ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற போக்ஸோ சட்டத்தின் கீழ், 2020ஆம் ஆண்டில் புதிய விதிகள் வெளியாயின. பள்ளிகள், குழந்தைக் காப்பகங்கள், விளையாட்டுப் பயிற்சிக் கழகங்கள் முதலியன தம் ஊழியர் ஒவ்வொருவரையும் குறித்துக் காலந்தோறும் போலீஸ் விசாரணை செய்வித்தல் வேண்டும் என அவ்விதிகள் கூறுகின்றன. ஆசிரியரும் அதில் அடங்குவர், ஆசிரியரல்லாதாரும் அடங்குவர், ஒப்பந்தக்காரரும் அடங்குவர். ஆனால் சம்பளமின்றி ஒருநாள் வந்து படம் பிடித்துச் செல்லும் அன்பர் எந்த நிறுவனத்தின் ஊழியர்? கூலி வாங்குவோனை விசாரிக்கச் சொல்லும் விதி, கூலி வாங்காதவனைப் பற்றி வாய் திறக்கவில்லை. தீய எண்ணமுடையான் ஒருவன் குழந்தைகளை நெருங்க விரும்பினால் கூலியையா பொருட்படுத்துவான்?

இவ்விஷயத்தில் இங்கிலாந்து தேசத்தார் அடைந்த அனுபவம் நாம் அறியத்தக்கது. 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஸோஹம் என்னும் சிற்றூரில் பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொலையுண்டனர். கொலைஞன் அவ்வூர்ப் பள்ளியொன்றின் கட்டடப் பராமரிப்பாளன். அவன்மீது முன்னரே வேறொரு பகுதியில் பற்பல புகார்கள் எழுந்திருந்தும், ஒன்றிலும் தண்டனை பெறாமையால், அவை அவனை வேலைக்கமர்த்தியோர் காதுக்கு எட்டவில்லை. இதனை ஆராய்ந்த பிச்சார்டு விசாரணையின் அறிக்கை 2004இல் வெளியாயிற்று. அதன் பயனாக 2006இல் சட்டமொன்று பிறந்தது. குழந்தைகளுடன் பழகும் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேரைப் பதிவு செய்து சோதிப்பது முதலில் வகுத்த திட்டம்.

அப்பொழுது பெருங் கூச்சல் கிளம்பிற்று. பள்ளிகளுக்குச் சென்று கதை படிக்கும் பிலிப் புல்மன் முதலிய எழுத்தாளர்கள், தம்மைச் சந்தேகிப்பது தமக்கு அவமானமென்று 2009இல் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2010இல் புதிய சர்க்கார் திட்டத்தை நிறுத்திவைத்தது. 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் சுருக்கியது. வாரம் ஒருமுறையேனும், அல்லது முப்பது நாட்களில் நான்கு நாட்களேனும் குழந்தைகளுடன் பழகுவோரை மட்டும் கடுஞ்சோதனைக்கு உள்ளாக்குவதென்பது பொது அளவாயிற்று. ஆண்டுக்கொருநாள் வந்து படம் பிடிப்பவர் இவ்வளவிற்குள் அகப்படார். அவரைப் பற்றிய பொறுப்பு மீண்டும் அவரை அழைத்தவர் தலைமேலேயே வந்து விழுந்தது.

சோதனைக்குள் அகப்பட்டோர் விஷயமாவது முற்றிலும் பத்திரமோ எனின், அதுவும் இல்லை. 2009ஆம் ஆண்டில் பிளிமத் நகரத்துக் குழந்தைக் காப்பகம் ஒன்றில், பணிப்பெண் ஒருத்தி மழலைகளிடம் தகாதன செய்து, அவற்றைக் கைப்பேசியால் படம்பிடித்துப் பிறருக்கு அனுப்பி வந்தமை வெளியாயிற்று. அவள் முறைப்படி சோதிக்கப்பட்டவளே. அவள் மீது முன் குற்றம் ஏதுமில்லை. காப்பகத்தின் தளர்ந்த நிர்வாகத்தையும், ஒருவரையொருவர் தட்டிக் கேளாத வழக்கத்தையும் பின்னர் நடந்த ஆய்வு கண்டித்தது. போலீஸார் தரும் நற்சான்று, ஒருவன் இதுவரை அகப்படவில்லை என்பதையே சொல்லும். இனி அவன் என்ன செய்வான் என்பதைச் சொல்லாது. எழுதிய நாளுக்கு மறுநாளே அது பழைய ஏடாகிவிடும்.

ஆகவே சான்றிதழே வேண்டாமென்று சிலர் சொல்லுவர். அது தவறு. வீட்டுக்குப் பூட்டிட்டும் திருடன் நுழைந்தான் என்பதற்காகப் பூட்டையே எறிந்துவிடுவார் உளரோ? முன்னரே தண்டனையுற்றவனைச் சோதனை தடுக்கும். தண்டனையுறாதவனைத் தடுப்பது நமது ஏற்பாடும் விழிப்புமே. பூட்டும் வேண்டும், காவலும் வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

நாம் கூறும் காவல் அருமையான காரியமன்று, பணச்செலவும் இல்லாதது. படம் பிடிக்க வருவோரின் பெயர், முகவரி, அடையாளச் சீட்டு ஆகியவற்றைப் பள்ளி முன்னதாகவே குறித்துக்கொள்க. அடிக்கடி வருபவராயின் போலீஸ் விசாரணைச் சான்றும் கேட்டுப் பெறுக. தமிழ்நாட்டுப் போலீஸார் இதற்கான விண்ணப்பத்தை இணைய வழியிலேயே ஏற்கின்றனர். குழந்தைகள் உடைமாற்றும் அறைப்பக்கம் காமிரா செல்லலாகாது. எந்தக் குழந்தையையும் தனியே அழைத்துப் படமெடுத்தலும், வீட்டுக்கோ வெளியிடத்துக்கோ வரச் சொல்லுதலும் கூடா. ஆசிரியரோ பெற்றோரோ உடனிருத்தல் வேண்டும். பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் பெறுக. படத்தை வெளியிடுங்கால் குழந்தையின் பெயரையும் வகுப்பையும் சேர்க்காதிருக்க. எல்லாவற்றிற்கும் மேலாக, ‘எனக்குப் படம் வேண்டாம்’ என்று குழந்தை சொன்னால் அச்சொல்லை மதிக்க. வேண்டாமென்று சொல்லவும், சொன்னபடி நடக்கக் காணவும் பழகிய குழந்தையை ஏய்ப்பது எளிதன்று.

படத்தை அற்பமென்று கருதுவோர்க்கு ஒரு சொல். குழந்தையை ஆபாசப் படங்களுக்குப் பயன்படுத்துவது மாத்திரமன்றி, அத்தகைய படங்களைப் பரப்பும் எண்ணத்துடன் வைத்திருப்பதும் போக்ஸோ சட்டப்படி குற்றமாகும். தனியே பதிவிறக்கிப் பார்த்தல் குற்றமாகாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜனவரியில் கூறிய தீர்ப்பை, அவ்வாண்டு செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. நிறுவனத் தலைவர் ஒருவர் தமக்குக் கீழுள்ளார் செய்த குற்றத்தைத் தெரிவியாது மறைப்பின், ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்கு உள்ளாவார். ‘பள்ளியின் பெயர் கெட்டுவிடும்’ என்று மூடிமறைக்கும் பெரியோர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக.

மற்றொன்றும் மறக்கற்பாலதன்று. தேசிய குற்றப் பதிவகத்தின் கணக்குப்படி, குழந்தைகள் மீதான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல், குற்றஞ் சாட்டப்பட்டவர் அக்குழந்தைக்கு முன்பே தெரிந்தவராக இருக்கின்றனர். ஆதலின் அயலானை மட்டும் ஐயுற்று, ‘இவர் நம்மவர்’ என்று ஒருவருக்கு விதியைத் தளர்த்துவது பேதைமை. விதி எல்லார்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். தாளாளரின் மருமகனுக்கும் அதுவே, தெருவிலிருந்து வந்தவனுக்கும் அதுவே.

இவ்வாறு கேட்பது கலையன்பர்களுக்கு அவமதிப்பாகாதோ எனின், ஆகாது. எல்லாரையும் கேட்கும்போது எவரையும் குற்றஞ்சாட்டியதாகாது. உண்மையில், உடன் ஓர் ஆசிரியர் நிற்பது குழந்தைக்கு எவ்வளவு காப்போ, வீண்பழியினின்று படம் பிடிப்பவருக்கும் அவ்வளவு காப்பாம். ஏழைப் பெற்றோர் பலருக்குத் தம் மகவின் அழகிய படமொன்று கிடைப்பது இவ்வன்பர்களாலேதான். அந்நற்பணி நின்றுவிடலாகாது, ஐயத்திற்கு இடமின்றி நடைபெறல் வேண்டும்.

சர்க்கார் செய்ய வேண்டுவது ஒன்றே. 2020ஆம் ஆண்டு விதியில் ‘ஊழியர்’ என்னுஞ் சொல்லோடு ‘தொண்டு செய்ய வருவோர்’ என்பதையும் சேர்ப்பார்களாக. அதுவரை காத்திராமல், வருகின்ற ஆண்டு விழாவிலேயே பள்ளிகள் மேற்கண்ட ஏற்பாடுகளைத் தொடங்கலாம். எங்கேனும் தவறு நேர்ந்ததென்று ஐயம் தோன்றின், இரவு பகல் எந்நேரமும் 1098 என்னும் எண்ணில் தெரிவிக்கலாம். மேடையில் பாரதியாராக நின்ற பாலகனை அச்சமில்லாதவனாக வளர்க்க விரும்பும் நாம், அவனைச் சூழ நிற்போர் யாரென்று கேட்க அஞ்சுவது தகுமா?