சங்காயக் குவியலும் நம் வயலும்

மதுரை மல்லி சாகுபடி செய்பவர்களுக்கு இராமேஸ்வரம் தீவு புதிதல்ல. தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று வாங்க ஒருமுறையாவது பாம்பன் பாலத்தைக் கடந்திருப்பீர்கள். கோயிலுக்குப் போய் வந்தவர்கள் இன்னும் அதிகம். ஆனால், அக்னி தீர்த்தக் கடற்கரைக்கு அருகிலேயே உள்ள மீன்பிடி இறங்குதளத்தை எட்டிப் பார்த்த விவசாயிகள் குறைவு. அடுத்த முறை போகும்போது, ஒரு காலைப் பொழுதை அங்கே செலவிடுங்கள். நம் கோழிப் பண்ணைக்கும் இறால் குட்டைக்கும் வயலுக்கும் வரும் ஒரு பொருளின் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது.

எந்த நாளில் போவது?

பாக் நீரிணையில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் கடலை முறைவைத்துப் பிரித்திருக்கிறார்கள். வாய்க்கால் பாசனத்தில் நாம் முறைவைத்துத் தண்ணீர் விடுவதைப் போலத்தான். வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் விசைப்படகுகள் மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டுப் பெற்றுக் கிளம்பும். மறுநாள் காலையில் கரை திரும்பும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்.

படகு அணைந்ததும் முதலில் இறங்குவது இறால், நண்டு, கணவாய். இவற்றுக்குத்தான் விலை. வியாபாரிகள் எடை போட்டு ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவார்கள். அடுத்து, சாப்பாட்டு மீன்கள் ஏலத்துக்குப் போகும். கடைசியாகத் தளத்தில் கொட்டுவார்களே, அந்தக் குவியலைத்தான் நீங்கள் நின்று பார்க்க வேண்டும். அதற்கு அங்கே ‘சங்காயம்’ என்று பெயர்.

குவியலுக்குள் என்ன இருக்கிறது?

காரல், சிறு நண்டு, நசுங்கிய மீன் எல்லாம் கலந்து கிடக்கும். குனிந்து கையால் விலக்கிப் பாருங்கள். விரல் நீளத்தில் பாறைக் குஞ்சு, விளைமீன் குஞ்சு, சங்கராக் குஞ்சு கண்ணில் படும். வளரவிட்டால் கிலோ கணக்கில் எடை நிற்கக்கூடிய மீன்களும் இதில் உண்டு. இவை உலர்த்தி அரைக்கப்பட்டு மீன்தூளாகிக் கோழித் தீவனத்துக்கும் இறால் தீவனத்துக்கும் போகின்றன. ஒரு கிலோ மீன்தூளுக்கு ஏறத்தாழ நான்கு, ஐந்து கிலோ பச்சை மீன் தேவை.

சிறிய மீனெல்லாம் குஞ்சு மீன் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெத்திலி, சாளை, காரல் போன்றவை இயல்பிலேயே சிறியவை. சிறுதானியம் சிறிதாக இருப்பதைப் போல. அவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம். கவலை தருவது பெரிய இன மீன்களின் குஞ்சுகள்தான். ஒருமுறைகூட முட்டையிடாத மீனைப் பிடிப்பது, விதைநெல்லைக் குத்திக் கஞ்சி காய்ச்சுவதற்குச் சமம்.

ஏன் இப்படி?

பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். அடியில் கடற்புல் வெளிகள் உள்ளன. மீனுக்கும் இறாலுக்கும் அவைதான் நாற்றங்கால். இழுவைமடி அந்தத் தரையை உரசிக்கொண்டே போகிறது. மடியின் கடைசிப் பையில் கண்ணி சிறிதாக இருந்தால், உள்ளே போன குஞ்சு வெளியே வர வழியில்லை. அதனால்தான் பெரிய சதுரக் கண்ணியை வைக்கும்படி விதிகள் சொல்கின்றன. தடைக்காலத்தில் முட்டையிட்டுப் பெருகிய குஞ்சுகளைத் தடை முடிந்த சில வாரங்களிலேயே சிறு கண்ணி மடியால் வாரிவிட்டால், 61 நாள் காத்திருந்தது வீண். நாற்று முளைத்ததும் ஆட்டை மேயவிட்ட கதைதான்.

இதற்கு மீனவர்களை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. 1974, 1976 ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்ட எல்லைக்கோடு அருகிலேயே இருக்கிறது. அதைத் தாண்டினால் கைதும் படகு பறிமுதலும் நடக்கின்றன. டீசல், ஐஸ், கூலி என்று செலவு செய்து, இருக்கும் குறுகிய கடலில் இறால் கிடைக்காத நாளில், சங்காயம் விற்ற பணம்தான் டீசல் கடனை அடைக்கிறது. விலை கிடைக்கும்வரை குவியலும் இருக்கும். அந்த விலையைக் கொடுப்பவர்களில் நாமும் இருக்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

மீன் அமிலம் தயாரிப்பவர்கள் முழு மீனை வாங்கவே வேண்டாம். மீன் வெட்டும் கடைகளில் கழிக்கும் தலை, செவுள், குடல், செதில் போதும். கடல் மீன் கழிவை நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி உப்பை நீக்குங்கள். கழிவுக்குச் சம எடை நாட்டு வெல்லத்தைப் பொடித்துக் கலந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் நிழலில் வையுங்கள். வாயு சேர்ந்தால் அவ்வப்போது திறந்து மூடுங்கள். மூன்று வாரம் கழித்து, கெட்ட வாடை போய், தேன் பதத்தில் திரவம் கிடைக்கும். வடிகட்டி, லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வீதம் கலந்து மாலையில் இலைவழியாகத் தெளிக்கலாம். இது வளர்ச்சி ஊக்கிதான். தொழுவுரத்துக்கோ அடியுரத்துக்கோ மாற்றல்ல. கருவாட்டுக் கழிவை வயலில் நேரடியாகப் போடாதீர்கள். அதிலுள்ள உப்பு மண்ணில் தங்கிவிடும்.

கோழி வளர்ப்பவர்கள் மீன்தூள் வாங்கும்போது புரதம், உப்பு, மணல் மூன்றையும் பரிசோதித்து வாங்குங்கள். தளத்தில் வாரி வெயிலில் காயவைத்த சரக்கில் உப்பும் மணலும் அதிகம் இருக்கக்கூடும். எடைக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு மணலுக்குப் போகும். சோயாப் புண்ணாக்குடன் லைசின், மெத்தியோனின் சேர்த்து மீன்தூளின் அளவைக் குறைக்கலாம். உங்கள் கால்நடை மருத்துவரிடம் கலவை விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். புறக்கடைக் கோழிகளுக்கு அசோலாவும் கைகொடுக்கும்.

மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், பச்சை வரி இறால் குஞ்சுகளைப் பொரித்து வளர்த்துப் பாக் நீரிணையில் விட்டுவருகிறது. ஒரு பக்கம் குஞ்சை விதைத்துக்கொண்டே மறுபக்கம் குஞ்சை அரைத்துத் தூளாக்கினால் கணக்கு நேராகாது. அடுத்த மூட்டை தீவனம் வாங்கும்போது, அதில் எந்த மீன் இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பத்து பேர் கேட்டால், அவர் ஆலைக்காரரிடம் கேட்பார்.