சமைத்து எவ்வளவு நேரம் ஆயிற்று?

சித்தூரில் ஒரு வீடு. நாம் மனதில் நினைத்துக்கொள்ளும் வீடுதான். ஆனால் இப்படிப்பட்ட வீடுகள் அங்கே நிறைய உண்டு.

அந்த வீட்டில் பேசுவது தமிழ். தெருவில் பேசுவது தெலுங்கு. கணவர் திருப்பதிக்குப் போகும் வேன் ஓட்டுகிறார். மனைவி மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மாமியார் வீட்டில் இருந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். மகள் 6-ஆம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு 3 வயது.

காலை 5 மணிக்கே அடுப்பு எரிகிறது. 6 மணிக்குச் சோறும் பருப்புக் குழம்பும் தயார். 7 மணிக்கு இருவரும் வேலைக்குப் போகிறார்கள். காலையில் ஆக்கிய சோறுதான் பகலுக்கும். அதுவேதான் இரவுக்கும்.

ஒரு நாள் மாலை 4 மணிக்குப் பையன் பசி என்றான். பாட்டி சோறு ஊட்டினார். 7 மணிக்குப் பையன் வாந்தி எடுத்தான். பிறகு வயிற்றுப்போக்கும் தொடங்கியது.

“ஏம்மா, முகர்ந்து பாத்துத்தானே ஊட்டினேன். கெட்ட வாசனையே இல்லையே” என்று அழுதார் பாட்டி.

“உங்க மேல தப்பு இல்ல அத்தே. காலையில ஆக்கின சோறு. நான்தான் ராத்திரிக்கும் சேத்து ஆக்கி வெச்சுட்டுப் போனேன்” என்றார் மருமகள்.

யார் மேல் தவறு? பாட்டி சுத்தமாகத்தான் இருந்தார். மருமகளும் சுத்தமாகத்தான் சமைத்தார். பிறகு எப்படிச் சோறு கெட்டது?

கண்ணுக்குத் தெரியாத கிருமி

நம் உணவில் கிருமிகள் வளர்கின்றன. அவை கண்ணுக்குத் தெரியாது. கிருமி வளர மூன்று வேண்டும். ஒன்று ஈரம். இரண்டு வெதுவெதுப்பு. மூன்று நேரம்.

ஆறிப்போன சோற்றில் ஈரம் இருக்கிறது. திருப்பதியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு. அந்த வெதுவெதுப்பு கிருமிக்கு மிகவும் பிடிக்கும். காலை முதல் மாலை வரை நேரமும் கிடைத்துவிடுகிறது.

கிருமி எப்படிப் பெருகுகிறது? ஒன்று இரண்டாகப் பிரியும். இரண்டு நான்காகும். நான்கு எட்டாகும். நல்ல வசதி கிடைத்தால், சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு கிருமியில் தொடங்குவோம்.

1 மணி நேரத்தில் – 8
2 மணி நேரத்தில் – 64
3 மணி நேரத்தில் – 512
4 மணி நேரத்தில் – 4,096
5 மணி நேரத்தில் – 32,768
6 மணி நேரத்தில் – 2,62,144
7 மணி நேரத்தில் – 20,97,152

பார்த்தீர்களா? முதல் 2 மணி நேரத்தில் 64தான். 7 மணி நேரத்தில் 20 லட்சத்துக்கும் மேல்! அதனால்தான் சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் அப்படியே வெளியில் வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

“சோறு கொதித்ததே, கிருமி சாகவில்லையா?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கொதியில் பெரும்பாலான கிருமிகள் சாகும். ஆனால் அரிசியில் ஒரு வகைக் கிருமி உண்டு. அது விதை போல ஓடு போட்டுக்கொண்டு கொதியிலும் தப்பிவிடும். சோறு ஆறியதும் விழித்துக்கொள்ளும். பெருகும். ஒருவித நஞ்சையும் உண்டாக்கும். சோற்றைத் திரும்பச் சூடு செய்தாலும் அந்த நஞ்சு அழியாது. அந்த நஞ்சுக்குக் கெட்ட வாசனையும் கிடையாது. பாட்டியின் மூக்கு ஏமாந்தது இப்படித்தான்.

பாட்டி சொன்னதும் சரிதான்

“அப்போ ஆக்கி அப்போ சாப்பிடு” என்பது பாட்டியின் பழைய பேச்சு. அது சரியான பேச்சு. அந்தக் காலத்தில் வேளைக்கு ஒரு முறை உலை வைத்தார்கள். சமைப்பதற்கும் சாப்பிடுவதற்கும் நடுவில் நேரம் குறைவு. இன்று வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறார்கள். போனால்தான் குடும்பம் நடக்கும். அதனால் அந்த இடைவெளி நீண்டுவிட்டது. நம் வாழ்க்கை மாறியிருக்கிறது. நம் பழக்கமும் கொஞ்சம் மாற வேண்டும்.

பாட்டிக்கு இன்னொரு வித்தையும் தெரியும். எது தாங்கும், எது தாங்காது என்று தெரியும். மலைக்குப் போகிறவர்கள் கையில் புளியோதரை கட்டிக்கொண்டு போவார்கள். வெண்பொங்கல் கட்டிக்கொண்டு போக மாட்டார்கள். ஏன்? புளியின் புளிப்பு கிருமியைத் தடுக்கும். பொங்கலில் புளிப்பு இல்லை. ஈரமும் அதிகம்.

திருப்பதி லட்டு பல நாள் தாங்குகிறது. அதில் கடலை மாவு, சர்க்கரை, நெய், முந்திரி, திராட்சை எல்லாம் சேர்கின்றன. பூந்தியை நெய்யில் பொரிக்கும்போது ஈரம் போய்விடுகிறது. மிச்ச ஈரத்தைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்கிறது. கிருமிக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை. ஊறுகாயில் அந்த வேலையை உப்பு செய்கிறது.

மருமகள் வேலை செய்யும் தொழிற்சாலையிலும் இதே கதைதான். சித்தூர்ப் பக்கம் கிளிமூக்கு மாம்பழம் நிறைய விளைகிறது. அதைத் தோத்தாபுரி என்றும் சொல்வார்கள். அதைக் கூழாக்கிச் சூடு செய்கிறார்கள். காற்றும் கிருமியும் புகாமல் அடைக்கிறார்கள். அதனால் அந்தக் கூழ் பல மாதம் கெடுவதில்லை.

ஆகவே வழி ஒன்றுதான். கிருமிக்கு வேண்டிய மூன்றில் ஒன்றையாவது பறித்துவிட வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

1. இரவுக்குத் தனியாகச் சமையுங்கள். முடியாவிட்டால் சோற்றை மட்டுமாவது மாலையில் புதிதாக வடியுங்கள்.

2. குளிர்சாதனப் பெட்டி இருந்தால் பயன்படுத்துங்கள். மிச்ச உணவைச் சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆற வையுங்கள். பெரிய பாத்திரத்தில் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். 2 மணி நேரத்துக்குள் பெட்டிக்குள் வையுங்கள். ஆனால் குளிர் கிருமியைக் கொல்லாது. தூங்க வைக்கும். அவ்வளவுதான். எடுத்த பிறகு ஆவி பறக்கச் சூடு செய்யுங்கள். ஒரு முறை சூடு செய்ததைத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி தாங்கும்.

3. பெட்டி இல்லையா? கவலை வேண்டாம். அளவாகச் சமையுங்கள். குழம்பையும் பருப்பையும் மறு வேளைக்கு வைக்காதீர்கள்.

4. சமைக்கும் முன், ஊட்டும் முன், கழிப்பறைக்குப் போய் வந்த பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். 20 நொடி தேய்க்க வேண்டும். 1 முதல் 20 வரை மெதுவாக எண்ணுங்கள்.

5. காய்கறியை முதலில் நறுக்குங்கள். கோழி, மீன், கறியைப் பிறகு நறுக்குங்கள். கத்தியையும் பலகையையும் உடனே சோப்பால் கழுவுங்கள்.

6. குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, மூடி வையுங்கள். குடத்துக்குள் கையை விடாதீர்கள். பிடி வைத்த குவளையால் மொண்டு எடுங்கள்.

7. வேர்க்கடலை நம் பக்கத்துப் பயிர். பூஞ்சை பிடித்த கடலையைக் கழுவியோ வறுத்தோ சட்னி அரைக்காதீர்கள். பூஞ்சையின் நஞ்சு வறுத்தாலும் முழுவதும் போகாது. அது ஈரலைக் கெடுக்கும். அந்தக் கடலையை எறிந்துவிடுங்கள்.

இவை எல்லாம் பெண்களின் வேலை மட்டும் அல்ல. மிச்சத்தை எடுத்து வைக்க ஆண்களுக்கும் கை இருக்கிறது. இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் இருவரும் அடுப்படிக்கு வர வேண்டும்.

பொட்டலத்தைப் படியுங்கள்

இப்போது பால், ரொட்டி, மசாலாத் தூள் எல்லாம் பொட்டலமாக வருகின்றன. அதை யார், எப்போது செய்தார்கள் என்று நமக்குத் தெரியாது. அதைப் பொட்டலம்தான் சொல்ல வேண்டும்.

கடைப் பலகை தெலுங்கில் இருக்கும். நாம் படித்தது தமிழ். ஆனால் பொட்டலத்தின் மேல் விவரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் சில ஆங்கிலச் சொற்களைத் தெரிந்துகொள்வோம். பயப்பட வேண்டாம். நான்கே சொற்கள்.

எம்.எஃப்.டி., பி.கே.டி. – இது செய்த நாள், அல்லது அடைத்த நாள்.

எக்ஸ்பைரி, யூஸ் பை – இதுதான் கடைசி நாள். இதற்குப் பிறகு உண்ணக் கூடாது. விற்கவும் கூடாது.

பெஸ்ட் பிஃபோர் – அந்த நாள் வரை சுவையும் தரமும் நன்றாக இருக்கும்.

கீப் ரெஃப்ரிஜிரேட்டட் – குளிரில் வைக்க வேண்டும். வெளியில் வைத்தால் தேதிக்கு முன்பே கெடும்.

தேதியைப் படிப்பது எப்படி? 12/06/26 என்று இருந்தால், முதலில் நாள், நடுவில் மாதம், கடைசியில் ஆண்டு. அதாவது 2026 ஜூன் 12.

2006-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி உணவு தயாரிப்பவர் உரிமம் பெற வேண்டும். அந்த எண்ணில் 14 இலக்கம் இருக்கும். பொட்டலத்தில் தேடிப் பாருங்கள். பச்சைக் கட்டத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம்.

பால் பொட்டலத்தில் ‘பாஸ்ச்சரைஸ்டு’ என்று இருக்கும். லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரால் வந்த சொல் இது. பாலைச் சூடு செய்து, உடனே குளிர வைத்து, கெட்ட கிருமிகளைக் கொல்லும் முறை. ஆனாலும் எல்லாக் கிருமியும் சாவதில்லை. அதனால் பாலைக் குளிரில் வையுங்கள். பெட்டி இல்லாவிட்டால் வாங்கியதும் காய்ச்சுங்கள்.

தேதி தாண்டிய பொருளைக் கடைக்காரர் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். “அண்ணா, தேதி போயிடுச்சு, வேற கொடுங்க” என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால்

வயிற்றுப்போக்கில் உடம்பின் நீரும் உப்பும் வெளியேறுகின்றன. அதுதான் உயிருக்கு ஆபத்து. சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி, அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். காய்ச்சி ஆற்றிய தண்ணீர் 1 லிட்டர். தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை. தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடக் கூடாது. வாந்தி வந்தால் 10 நிமிடம் பொறுத்து, ஒவ்வொரு கரண்டியாகக் கொடுங்கள்.

1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியது. டாக்டர் திலீப் மகலநபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார். அதன் பிறகு உலகம் முழுவதும் இதைப் பயன்படுத்துகிறது.

5 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் துத்தநாக மாத்திரையும் கொடுப்பார்கள். அதை ஜிங்க் மாத்திரை என்று கேளுங்கள். வயிற்றுப்போக்கு நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும்.

மலத்தில் ரத்தம், குழிந்த கண், சிறுநீர் போகாமை, நீர் குடிக்க முடியாமை, மயக்கம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை.

அந்த வீட்டில் இப்போது

நாம் நினைத்த வீட்டுப் பையன் கரைசல் குடித்துத் தேறிவிட்டான். அந்த வீட்டில் சில மாற்றங்கள் வந்தன.

மருமகள் எழுதப் படிக்கக் கற்றவர். அடுப்படிச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுகிறார்: “சோறு – காலை 6.” பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனால் எண் தெரியும். கடிகாரமும் பார்க்கத் தெரியும். பையன் மாலையில் பசி என்றால், பாட்டி சுவரைப் பார்க்கிறார். கடிகாரத்தைப் பார்க்கிறார். நேரம் தாண்டியிருந்தால் ஒரு பிடி அரிசி களைந்து உலை வைக்கிறார். கணவர் வேனை நிறுத்திப் பால் வாங்கும்போது தேதியைப் பார்த்து வாங்குகிறார். மகள் பொட்டலத்தைப் படித்து அப்பாவைச் சோதிக்கிறாள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பொட்டலத்தை எடுங்கள். கடைசி நாள் எது? 14 இலக்க எண் இருக்கிறதா?
2. இன்று உங்கள் வீட்டில் எத்தனை மணிக்குச் சமைத்தார்கள்? கடைசியாகச் சாப்பிட்டவர் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்? நடுவில் எத்தனை மணி நேரம்?
3. புளியோதரை ஏன் பொங்கலை விட அதிக நேரம் தாங்குகிறது? பக்கத்து வீட்டாருக்குச் சொல்லுங்கள்.