சிராங்கூன் சாலையில் மளிகைக் கடைகள்: மாறும் நகர்ப்பகுதியும் மாறும் வணிகமும்

மலாய் மொழியில் கடையைக் குறிக்கும் ‘கெடாய்’ என்னும் சொல் தமிழ்க் ‘கடை’யிலிருந்து சென்றது என்பதை நாம் மாணவர்க்குப் பெருமையோடு கற்பிக்கிறோம். வணிக முதலீட்டைக் குறிக்கும் ‘மோடால்’ என்பதும் தமிழின் ‘முதல்’ என்பதன் திரிபேயாகும். சொற்கள் வேற்றுமொழியில் வேரூன்றி நிலைத்துவிட்டன. அவற்றைக் கொண்டுசென்ற கடைகளுக்கோ அத்தகைய நிலைபேறு வாய்க்கவில்லை. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதியில் பழைய மளிகைக் கடைகள் மறைவதும், அதே கடைவீடுகளில் புதிய மளிகைக் கடைகள் தோன்றுவதும் எக்காரணங்களால் நிகழ்கின்றன என்பதை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

உழைப்பாளர் வாழ்ந்த நகர்ப்பகுதியில் வசதி படைத்தோர் குடியேற, பழைய குடிகளும் அவர்தம் கடைகளும் வெளியேறுதலைச் சமூகவியலார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அந்நிகழ்வுக்கு 1964 ஆம் ஆண்டு இலண்டனை முன்வைத்துப் பெயரிட்டவர் ரூத் கிளாஸ் என்னும் ஆய்வாளர். எனினும் அக்கோட்பாட்டைத் தேக்கா வட்டாரத்திற்கு அப்படியே பொருத்துதல் பிழையாகிவிடும். இங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுள் பெரும்பாலானவை புதிய செல்வந்தரால் வெளியேற்றப்படவில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. குடிகள் சென்ற பின்னரும் கடைகள் எஞ்சின. ஆகவே இப்பகுதியின் மளிகைக் கடை, அண்டை வீட்டாரை நம்பி நடத்தப்படுவது அன்று; தொலைவிலிருந்து வருவோரை நம்பி நடத்தப்படுவது. இந்த ஓர் உண்மையை மனத்திற்கொண்டாலன்றிப் பின்வந்த மாற்றங்கள் விளங்கா.

பழைய கடையின் இயக்கம் கடனை அடிப்படையாகக் கொண்டது. மாதச் சம்பளக்காரர் மாதம் முழுவதும் அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றை எடுத்துச் சென்று சம்பள நாளன்று கணக்கைத் தீர்ப்பர். சட்டைப்பையில் அடங்கும் ‘555’ எனும் எண் பொறித்த சிறு குறிப்பேடு அதற்குச் சான்று. மலேசியாவிலும் ‘பூக்கு தீகா லீமா’ என்றால் கடன் கணக்கு என்றே பொருள்படும் அளவுக்கு அக்குறிப்பேடு பெயர்பெற்றது. வட்டியின்றிக் கொடுத்த இக்கடனைக் கருணை என்று மட்டும் கொள்ளலாகாது. வாடிக்கையாளரை வேறு கடைக்குச் செல்லவொட்டாமல் பிணைத்த கயிறும் அதுவே. கடனில் வாங்குவோர் விலையைப் பற்றி வாதிடுவது அரிது. ஆயினும் எவர் வீட்டில் வேலை போயிற்று, எவர் வீட்டில் பிள்ளைப்பேறு என்பதைக் கடைக்காரர் அறிந்திருந்தார் என்பதையும், அவ்வறிவுக்கேற்பக் கணக்கைத் தள்ளிவைத்தார் என்பதையும் மறுத்தல் இயலாது. பேரங்காடியின் பணம் செலுத்துமிடத்தில் அத்தகைய அறிவுக்கு இடமில்லை.

இவ்வணிகத்தைத் தாங்கி நின்றது குறைந்த வாடகை. இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1947 இல் இயற்றப்பட்ட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் வைத்திருந்தது. 1989 இல் ‘லிட்டில் இந்தியா’ பழமைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. வாடகைக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்து 2001 இல் முற்றாக நீங்கியது. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்ததன் விளைவை நோக்குதல் வேண்டும். கட்டடத்தின் முகப்பு, சாளரம், ஐந்தடி நடைபாதை ஆகியன சட்டத்தின் காவலைப் பெற்றன. அவற்றினுள் நடைபெற்ற வணிகத்திற்கு அக்காவல் இல்லை. கடைவீட்டைக் காத்தோம், கடையைக் காக்கவில்லை என்று கூறினால் அது மிகையாகாது. அரிசியும் பருப்பும் இடத்தை அடைக்கும் பண்டங்கள். அவற்றில் கிடைக்கும் இலாபம் சிறிது. ஒரே பரப்பில் நகைக்கடையோ உணவகமோ ஈட்டுவதை மளிகைக் கடை ஈட்டுதல் கடினம். எனவே முதன்மைச் சாலையில் இருந்த மூட்டைகள் பக்கத் தெருக்களுக்கு நகர்ந்தன. மூட்டை வைக்க இடமில்லாக் கடைகள் பொட்டலங்களுக்கு மாறின.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு வளர்ச்சி நிகழ்ந்தது. 1971 இல் கேம்பல் லேனில் சிறு துணிக்கடையாகத் தொடங்கிய முஸ்தபா நிறுவனம், 1995 இல் சையது ஆல்வி சாலையில் பெரும் வணிக வளாகமாக உருப்பெற்றது; 2003 முதல் 2020 இன் பெருந்தொற்றுக் காலம் வரை இரவு பகலாகத் திறந்திருந்தது. வடகிழக்கு ரயில் பாதையும் 2003 இல்தான் திறக்கப்பட்டு, லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் நிலையங்கள் வழியாகத் தீவின் பிற பகுதியினரை இங்குக் கொண்டுவந்து சேர்த்தது. ரயில் எல்லாக் கடைகளுக்கும் நன்மை செய்யவில்லை. காரில் வந்து மாதத்திற்கான மூட்டையை ஏற்றிச் சென்றவர் இடத்தில், கையில் தூக்குமளவு வாங்குவோர் வந்தனர். அடுக்குமாடி வட்டாரங்களிலோ, 1973 இல் தோ பாயோவில் தொழிற்சங்கக் கூட்டுறவாகத் தோன்றிய அமைப்பின் தொடர்ச்சியான ஃபேர்பிரைஸ், சாம்பார்ப் பொடியையும் தோசை மாவையும் வீட்டு வாசலருகே கொண்டுவந்துவிட்டது. அன்றாடத் தேவைக்காகத் தேக்காவுக்கு வரவேண்டிய கட்டாயம் அத்துடன் தளர்ந்தது.

அவ்வாறாயின் புதிய மளிகைக் கடைகள் எவரை நம்பித் திறக்கப்படுகின்றன? விடை பலகைகளில் உள்ளது. லெம்பு சாலை, டெஸ்கர் சாலைப் பக்கம் நடந்தால் வங்காள எழுத்துகள் கண்ணில் படும். கடுகெண்ணெயும் உறையவைத்த இலிஷ் மீனும் அங்குக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் கட்டுமானத் தொழிலாளரே அக்கடைகளுக்கு உயிர். இன்னொரு புறம், தொண்ணூறுகளுக்குப் பின் வந்த கணினித் துறையினரின் குடும்பங்கள் சோனா மசூரி அரிசியையும் கோங்கூராக் கீரையையும் வடநாட்டுக் கோதுமை மாவையும் நாடுகின்றன. பொன்னி அரிசி ஒன்றையே ‘நம்மூர் அரிசி’ எனக் கருதிய கடைக்காரருக்கு இது புதிய பாடம். 2013 டிசம்பர் 8 ஆம் நாள் நிகழ்ந்த கலவரமும், அதன்பின் 2015 இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வார இறுதியில் மது விற்றுக் கணக்கை ஈடுகட்டிய சிறு கடைகளைப் பாதித்தன. மளிகைக் கடை என்ற பெயர்ப்பலகையின் கீழ் உண்மையில் எப்பொருள் கடையை நடத்தியது என்பது அப்போதுதான் பலருக்குப் புலனாயிற்று.

முனைவர் பட்ட ஆய்வுக்காக இலண்டனில் இருந்த ஆண்டுகளில் ஈஸ்ட் ஹாமில் ஈழத் தமிழர் கடைகளில் கறிவேப்பிலை வாங்கிய அனுபவம் இவ்வேளையில் நினைவுக்கு வருகிறது. அங்கே கடையைச் சூழ்ந்து வீடுகள் இருந்தன. வாடிக்கையாளரை நடந்துவரும் தொலைவிலேயே காணலாம். புதிதாக வந்து குடியேறியோர்க்கு அக்கடையே முதல் முகவரி. தேக்காவிலோ தொழிலாளர் தொலைவிலுள்ள விடுதிகளிலிருந்து வருகின்றனர். மாலை ஆனதும் திரும்பிவிடுகின்றனர். இவ்வேறுபாட்டின் காரணமாகவே புதிய கடைகளும் எளிதில் ஆட்டங்காணும் என்பது என் கருத்து. விடுதிகளை விட்டுத் தொழிலாளர் வெளிவர இயலாதிருந்த 2020 ஆம் ஆண்டு இதனை ஐயமற மெய்ப்பித்தது.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு நேரடிச் சிக்கல் உண்டு. மூட்டைகள் இருந்த கடையில் பொருளைப் பெயர் சொல்லிக் கேட்டாக வேண்டும். கேட்பவர் நாவிலும் கொடுப்பவர் செவியிலும் சொல் வாழ்ந்தது. பொட்டலக் கடையில் கை நீட்டினால் போதும். பொட்டலத்தின் மேலுள்ள ‘தூர் டால்’ என்பதே துவரம்பருப்பின் பெயர் என எண்ணும் மாணவரை நான் சந்தித்துள்ளேன். அவர் வீட்டில் சாம்பார் வாரந்தோறும் வைக்கப்படுகிறது. பாடநூலில் மளிகைக் கடைப் பாடம் வரும்போது உளுந்து, கடலைப்பருப்பு, பாசிப்பயறு ஆகிய சொற்களை மனனம் செய்விக்கிறோம். தேக்காவுக்குக் கல்விச்சுற்றுலா அழைத்துச் செல்கையில் கோயிலையும் வண்ணமிட்ட கட்டடங்களையும் காட்டிவிட்டு, கடைக்குள் நுழையாமலே திரும்புகிறோம்.

சென்ற ஆண்டு என் மாணவர் சிலரைப் பக்கத் தெரு ஒன்றிலிருந்த பழைய கடைக்கு அனுப்பி, ஐந்து பொருள்களைத் தமிழில் கேட்டு வாங்கிவருமாறு பணித்தேன். கடை முதலாளியான பெரியவர் மகிழ்ந்து விளக்கியிருக்கிறார். பொருளை எடுத்துக் கொடுத்த உதவியாளருக்கோ தமிழ் தெரியவில்லை. சீரகமா சோம்பா என்பதில் குழப்பம் நேர, பெரியவர் இரண்டையும் உள்ளங்கையில் வைத்து மாணவருக்கும் உதவியாளருக்கும் ஒருசேரக் காட்டினாராம்.