வளாக வயர்லெஸ்: கனெக்ட் பட்டனை அழுத்தும் முன்...

புதிதாக லேப்டாப் வாங்கியவர்களுக்கு வீட்டில் வயர்லெஸ் இணைப்பு பெறுவது பெரிய வேலையாக இருப்பதில்லை. மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டை டைப் செய்தால் போதும், இணையம் வந்துவிடும். அதே லேப்டாப்பைப் பல்கலைக்கழக வளாகத்திற்கு எடுத்துச் சென்றால் கதை மாறுகிறது. "பாஸ்வேர்டோடு யூசர் நேமும் கேட்கிறது சார். அப்புறம் சர்டிபிகேட் என்று ஏதோ வருகிறது. கனெக்ட் அழுத்தலாமா?" கல்லூரிகள் திறக்கும் மாதங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். உடனே அழுத்த வேண்டாம் என்பதே என் பதில். ஏன் என்று பார்ப்போம்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட். ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கும் வளாகத்தில் இது சரிப்படாது. ஒருவர் வெளியே சொன்னாலும் ஊருக்கே தெரிந்துவிடும். எனவே ஒவ்வொருவருக்கும் தனித்தனி யூசர் நேம், பாஸ்வேர்ட் தருகின்றனர். இந்த முறைக்கு டபிள்யூ.பி.ஏ.2 எண்டர்பிரைஸ் என்று பெயர். சுவரில் மாட்டியிருக்கும் வயர்லெஸ் பெட்டிக்கு உங்களை யாரென்று தெரியாது. அது உங்கள் தகவலை ரேடியஸ் என்னும் சர்வருக்கு அனுப்பும். அந்த சர்வர் "இவர் நம்மவர்தான்" என்று சொன்ன பிறகே கதவு திறக்கும்.

இந்த வகையில் உலகம் முழுவதும் பரவியிருப்பது எட்யூரோம். நெதர்லாந்தின் கல்வி நெட்வொர்க் அமைப்பான சர்ஃப்நெட்டில் பணியாற்றிய கிளாஸ் வீரெங்கா 2002ல் முன்வைத்த யோசனை இது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்குகிறது. இந்தியாவில் எர்நெட் இந்தியாவும், இலங்கையில் லேர்ன் அமைப்பும் இதனைக் கவனித்துக் கொள்கின்றன. எட்யூரோம் உள்ள கல்லூரியின் மாணவர், கருத்தரங்கிற்காக வேறு பல்கலைக்கழகத்திற்குச் சென்றாலும், அது வெளிநாடாகவே இருந்தாலும், லேப்டாப்பைத் திறந்தவுடன் அதே பாஸ்வேர்டில் இணைப்பு கிடைக்கும். காசு கிடையாது, யாரிடமும் கேட்கவும் வேண்டாம்.

இதில் ஒரு சின்ன விஷயம் பலரைச் சுற்றலில் விடுகிறது. யூசர் நேம் கேட்கும் கட்டத்தில் பதிவு எண்ணை மட்டும் டைப் செய்கிறார்கள். சில கல்லூரிகளில், உள்ளே இருக்கும் வரை இது வேலை செய்யும். வெளியே போனால் செய்யாது. எண்ணுக்குப் பின் @ அடையாளமும் கல்லூரியின் பெயரும் வர வேண்டும். அந்தப் பின்பகுதியைப் பார்த்துத்தான் வெளியூர் சர்வர் உங்கள் கேள்வியை எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறது. பின்கோடு இல்லாத கடிதம் போலத்தான்.

இப்போது சர்டிபிகேட் விஷயத்திற்கு வருவோம். விண்டோஸ் 11ல் டாஸ்க் பாரின் வலது ஓரத்தில் உள்ள நெட்வொர்க் ஐகானைக் கிளிக் செய்து, வளாக நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்து, யூசர் நேமும் பாஸ்வேர்டும் கொடுக்கிறீர்கள். உடனே ஒரு செய்தி வரும். இந்த இடத்தில் இந்த நெட்வொர்க் இருக்கும் என்று எதிர்பார்த்தால் இணையுங்கள், இல்லையென்றால் இதே பெயரில் இது வேறு நெட்வொர்க்காகவும் இருக்கலாம் என்பது அதன் சாரம். பெரும்பாலானோர் படிக்காமலே கனெக்ட் அழுத்திவிடுகின்றனர்.

மின்வாரியத்திலிருந்து வருகிறேன் என்று ஒருவர் வாசலில் நின்றால் அடையாள அட்டையைக் காட்டச் சொல்கிறோம் அல்லவா? சர்டிபிகேட் என்பது அந்த அட்டை. சர்வர் உங்களைச் சோதிப்பது போல, உங்கள் லேப்டாப்பும் சர்வரைச் சோதிக்க வேண்டும். ஏனென்றால் நெட்வொர்க்கின் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக் கொள்ளலாம். கேன்டீன் மூலையில் ஒருவர் லேப்டாப்பும் சின்ன வயர்லெஸ் கருவியும் வைத்துக்கொண்டு அதே பெயரில் போலி நெட்வொர்க் நடத்த முடியும். உங்கள் லேப்டாப் ஏமாந்து அதனுடன் பேசினால் என்ன ஆகும்? சில கல்லூரிகளின் அமைப்பில் பாஸ்வேர்ட் அப்படியே அவர் கைக்குப் போய்விடும். எம்.எஸ்.சாப் வி2 என்ற முறையைப் பயன்படுத்தும் இடங்களில் நேராகப் போகாதுதான். ஆனால் அதுவும் பாதுகாப்பில்லை என்பது 2012ல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டிலேயே காட்டப்பட்டது. பாஸ்வேர்ட் எவ்வளவு நீளமாக இருந்தாலும், 56 பிட் கீ ஒன்றைத் தேடிப் பிடித்தால் போதும். ஒரு நாளுக்குள் முடிந்துவிடும் என்று மாக்ஸி மார்லின்ஸ்பைக் விளக்கினார்.

வயர்லெஸ் பாஸ்வேர்ட்தானே, போனால் போகட்டும் என்று நினைக்க வேண்டாம். பல வளாகங்களில் மெயில், மதிப்பெண், அசைன்மென்ட், கட்டணம் எல்லாவற்றுக்கும் அதே பாஸ்வேர்ட்தான்.

சரி, பாதுகாப்பாக இணைப்பது எப்படி? எட்யூரோம் என்றால் கெட்எட்யூரோம் என்ற இலவச புரோகிராமைப் பயன்படுத்தலாம். விண்டோஸ், ஆண்ட்ராய்ட், ஐபோன் மூன்றுக்கும் கிடைக்கிறது. இதனை இயக்கி, உங்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுத்து, யூசர் நேம், பாஸ்வேர்டைத் தந்தால், எந்த சர்வரை நம்ப வேண்டும் என்பதை அதுவே அமைத்துவிடும். அதன் பின் போலி நெட்வொர்க் எதிரே வந்தாலும் லேப்டாப் பேச மறுத்துவிடும். டவுன்லோட் செய்ய இணையம் வேண்டுமே என்றால், கல்லூரிக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே செய்திடவும். மொபைல் ஹாட்ஸ்பாட்டும் உதவும்.

உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இல்லையா? கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக் கொள்ளவும்: சர்வரின் பெயர், சர்டிபிகேட் வழங்கிய நிறுவனம், லாகின் முறை. பின்னர் கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர் சென்று, புதிய இணைப்பு அமைக்கும் பிரிவில், வயர்லெஸ் நெட்வொர்க்கை நாமே அமைக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கவும். நெட்வொர்க் பெயரைத் தந்து, செக்யூரிட்டி வகையாக டபிள்யூ.பி.ஏ.2 எண்டர்பிரைஸ் கொடுத்து அடுத்த விண்டோவுக்குச் செல்லவும். அங்கே சேஞ்ச் கனெக்‌ஷன் செட்டிங்ஸ், செக்யூரிட்டி டேப், செட்டிங்ஸ் என்று வரிசையாகச் சென்றால், சர்வரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கட்டம் கிடைக்கும். அதில் டிக் அடையாளம் இருக்க வேண்டும். சர்வர் பெயரை டைப் செய்து, நிறுவனத்தின் பெயரையும் டிக் செய்திடவும்.

"அந்த டிக்கை எடுத்துவிட்டால் கனெக்ட் ஆகிவிடும்" என்று விடுதி நண்பர்கள் சொல்வார்கள். ஆகிவிடும்தான். வாசல் கதவைக் கழற்றி வைத்தாலும் வீட்டுக்குள் போவது சுலபம்தான். கூகுளுக்கே இது பிடிக்காமல், 2020 டிசம்பரில் பிக்ஸல் போன்களுக்குத் தந்த ஆண்ட்ராய்ட் 11 அப்டேட்டில் சர்டிபிகேட்டைச் சோதிக்காமல் விடும் வசதியையே நீக்கிவிட்டது.

எல்லாம் சரியாகச் செய்தும் இணைப்பு வரவில்லை என்றால், முதலில் லேப்டாப்பின் தேதியைப் பார்க்கவும். தேதி தவறாக இருந்தால் நல்ல சர்டிபிகேட்டும் காலாவதியானது போலத் தெரியும். அடுத்து, அண்மையில் பாஸ்வேர்ட் மாற்றினீர்களா? லேப்டாப் பழையதையே திரும்பத் திரும்ப அனுப்பிக் கொண்டிருக்கும். சில வளாகங்களில் இதனாலேயே கணக்கு பூட்டப்பட்டுவிடும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பிரிவில் வைஃபை, மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் சென்று, அந்தப் பெயரை ஃபர்கெட் செய்துவிட்டு, மேலே சொன்ன முறையிலேயே மீண்டும் அமைக்கவும். லேப்டாப்பின் மேக் முகவரியைப் பதிவு செய்யச் சொல்லும் கல்லூரி என்றால், அதே வைஃபை பக்கத்தில் உள்ள ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ் வசதி ஆஃப் நிலையில் இருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ளவும்.