நீர் குறையின் களை மிகும்

வயலில் தேங்கும் நீர் நெல்லின் தாகம் தீர்ப்பதோடு நில்லாது, காற்றுப் புகாமல் தடுத்துக் களைவிதைகள் பலவற்றின் முளைப்பையும் அடக்குகிறது. காவிரிப் படுகையில் சூன் 12ஆம் நாள் மேட்டூர் அணையைத் திறப்பது மரபு. மழை பொய்த்து நீர்வரத்துத் தாமதமாகும் ஆண்டுகளில் உழவர் பலர் நடவை விடுத்து நேரடியாக விதைக்கின்றனர். நெல்லும் களையும் அப்போது ஒருசேர முளைக்கின்றன. வளர்ந்த நாற்றுக்கு இருந்த முந்துநிலை இல்லாமற்போகிறது.

கரியமிலவாயு மிகுந்தால் நெல் செழிக்கும் என்பர். அது பாதி உண்மையே. குதிரைவாலிப்புல், கோரை முதலியன வேறுவகை ஒளிச்சேர்க்கையால் வெப்பத்தையும் வறட்சியையும் நெல்லினும் நன்கு தாங்குவன. வறட்சியில் அவற்றின் இலைமெழுகு தடித்துவிடுவதால் தெளிக்கும் மருந்தும் எளிதில் உட்செல்வதில்லை. களைநெல்லோ அவ்வாயுவால் நெல்லைப் போன்றே கொழிக்கும். இளமையில் பயிரெனவே தோன்றிக் களையெடுப்போரையும் ஏமாற்றும். நெல்லைத் தீண்டாத களைக்கொல்லி பொதுவாக அதனையும் தீண்டுவதில்லை.