நூறு விநாடிக் கணக்கு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளிலிருந்து டிரெய்லரில் ஏறும் கார்களில் ஒரு பங்கு சென்னை, எண்ணூர் துறைமுகங்கள் வழியாக வெளிநாடு போகிறது. ஐரோப்பாவுக்கு என்றால் குறுக்குவழி செங்கடல். 2023 நவம்பரிலிருந்து ஹூதிகள் அங்கே சரக்குக் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும், பல கம்பெனிகள் ஆப்பிரிக்காவையே சுற்றிப் போயின. பயணம் ஏறக்குறைய பத்து நாள் நீண்டது.

கடற்படைதான் இருக்கே, ஏவுகணையைச் சுட்டுத் தள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். சுடலாம். நேரம்தான் இல்லை.

பூமி உருண்டை, ரேடாரோ நேர்கோட்டில்தான் பார்க்கும். கப்பலின் ரேடார் 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏவுகணை அலைக்கு 5 மீட்டர் மேலே ஒட்டிப் பறந்து வருகிறது என்று வையுங்கள். சுமார் 30 கிலோமீட்டர் நெருங்கும்வரை அது கண்ணிலேயே படாது. விநாடிக்கு 300 மீட்டர் வேகம் என்றால் கையில் இருப்பது 100 விநாடி. பிரம்மோஸ் மாதிரி வேகமானது என்றால் அரை நிமிஷம்தான். அதற்குள் பார்க்கணும், பகையா நட்பா என்று முடிவெடுக்கணும், எதிர் ஏவுகணையை விடணும். அது தவறினால் மிச்சம் இருப்பது, உலோகப் பூச்சு இழைகளைத் தூவி ஏவுகணையின் ரேடாரை ஏமாற்றுவதும், கடைசியாகச் சுழல் பீரங்கியும்.

நேரத்தைக் கூட்ட ஒரு நல்ல வழி, அடுத்தவர் கண்ணைக் கடன் வாங்குவது. முன்னால் நிற்கும் கப்பலோ மேலே பறக்கும் விமானமோ பார்த்ததைப் பின்னால் இருப்பவர் வைத்துச் சுடலாம். 2019 மே மாதம் மேற்குக் கடலில் ஐஎன்எஸ் கொச்சி, ஐஎன்எஸ் சென்னை இரண்டும் இதைத்தான் செய்து பார்த்தன. இரு கப்பல்களின் ஏவுகணைகளையும் ஒரே கப்பல் இயக்கி வெவ்வேறு இலக்குகளை அடித்தது.

ஒரே நாட்டுக் கப்பல்களுக்கு இது சரி. வேறு நாட்டுக் கப்பல் என்றால் ரேடியோ வேறு, சங்கேதம் வேறு, உத்தரவுச் சொல்லே வேறு. 2017 ஜூலையில் சென்னையில் நடந்த மலபார் பயிற்சியில் விக்ரமாதித்யா, அமெரிக்காவின் நிமிட்ஸ், ஜப்பானின் இசுமோ மூன்றும் வரிசைகட்டிய போட்டோதான் எல்லோருக்கும் ஞாபகம். எனக்கென்னவோ அந்த போட்டோவைவிட, பட்டியலில் இருந்த 'வான் பாதுகாப்பு' என்ற சொல்தான் முக்கியம். பாதுகாக்கப்பட்ட தகவல் தொடர்புக் கருவிகளுக்கான காம்காசா ஒப்பந்தத்தில் இந்தியாவும் அமெரிக்காவும் கையெழுத்திட்டது அதற்கும் அடுத்த வருஷம், 2018 செப்டம்பரில்தான்.

சரக்குக் கப்பலுக்கு இந்த 100 விநாடியும் பயன்படாது, திருப்பி அடிக்க அதனிடம் ஒன்றுமில்லை. 2024 மார்ச் 6 அன்று ஏடன் வளைகுடாவில் 'ட்ரூ கான்ஃபிடென்ஸ்' மீது ஏவுகணை விழுந்து மூன்று மாலுமிகள் இறந்தார்கள். ஐஎன்எஸ் கொல்கத்தா போய்ச் சேர்ந்து 21 பேரைக் காப்பாற்றியது.