ஆய்வாளரை அளக்கும் மரக்கால்

ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் மாவட்டச் செய்திப் பக்கங்களில் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் நம் பேராசிரியர்' என்பது தலைப்பு. கூடவே பொன்னாடை போர்த்திய படம். மதுரை, காரைக்குடி, காந்திகிராமம் என்று ஊர் மாறும். வேதியியல் துறைக்காரர்கள் அதில் நிறையவே இருப்பார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் குச்சனூரிலும் சின்னமனூரிலும் இருந்து உத்தமபாளையத்துக்கும் போடிக்கும் பஸ் ஏறிப் போய் வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்த 2 சதவீதத்தை அளந்தது யார், எந்த மரக்காலால் அளந்தார்கள்?

மரக்கால் கதை நம் பாட்டன் பாட்டிகளுக்கு நன்றாகத் தெரியும். களத்துமேட்டில் நெல்லை வாங்கிப் போட ஒரு மரக்கால், கூலி அளந்து போட இன்னொரு மரக்கால். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அடிப்பலகையில்தான் சூட்சுமம். ஆய்வுலகத்து மரக்காலையும் ஒரு முறை கவிழ்த்துப் பார்க்கலாம்.

ஒரு விஞ்ஞானி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார். பின்னால் வரும் வேறொருவர் தன் கட்டுரையில் அதைச் சான்றாகக் குறிப்பிடுகிறார். இதற்கு மேற்கோள் என்று பெயர். எந்தக் கட்டுரையை யார் யார் குறிப்பிட்டார்கள் என்று தொகுக்கும் பட்டியலை 1960களில் தொடங்கியவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு. கல்லூரியில் வேதியியல் படித்தவர். தேவையான கட்டுரையைத் தேடிப் பிடிக்க ஒரு வழி என்பதுதான் அவர் முன்வைத்த யோசனை. அது ஆளை எடைபோடும் தராசாக மாறியது பிறகு. 2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 'எச் இண்டெக்ஸ்' என்ற எண்ணைக் கொண்டுவந்தார். இன்று வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் பதவி உயர்வின்போதும் கேட்கப்படுவது பெரும்பாலும் இதுதான்.

கணக்கு கடினமில்லை. வாழைத்தார்களை வரிசையாக அடுக்குவது போல, ஒருவரின் கட்டுரைகளை அதிக மேற்கோள் பெற்றதில் தொடங்கி இறங்குவரிசையில் வைக்க வேண்டும். 8 கட்டுரைகள் எழுதிய ஓர் ஆய்வாளரை எடுத்துக்கொள்வோம். மேற்கோள்கள் 41, 18, 11, 9, 6, 5, 2, 0. ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள் இருக்கிறது, அதாவது 5-க்குக் குறையவில்லை. ஆறாவதுக்கு 5தான் இருக்கிறது, 6 இல்லை. ஆகவே அவருடைய எச் இண்டெக்ஸ் 5. மொத்த மேற்கோள் 92 என்பதும், முதல் கட்டுரை மட்டும் 41 பெற்றது என்பதும் இந்த எண்ணில் தெரியாது. அந்த 41 இருந்த இடத்தில் 4,000 இருந்தாலும் எண் 5தான். வேதியியலாளர் சி.என்.ஆர். ராவின் எச் இண்டெக்ஸ் 100ஐ எட்டியது என்று 2013இல் செய்தி வந்தது. குறைந்தது 100 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 100 அவரிடம் இருந்தன என்று அதற்குப் பொருள். பெரிய சாதனை. அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட உழைப்பும், நல்ல ஆய்வகங்களும், தலைமுறை தலைமுறையாக மாணவர்களும் இருந்தார்கள். ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவரை அந்த எண்ணோடு ஒப்பிடுவது முதல் தலைமுறைப் பட்டதாரியிடம் உன் தாத்தாவின் நூலகம் எங்கே என்று கேட்பது மாதிரி.

அந்த 2 சதவீதப் பட்டியலில் உண்மையில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. வாழ்நாள் பணிக்கு ஒன்று, ஒரே ஓர் ஆண்டின் மேற்கோளுக்கு இன்னொன்று. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் அவருடைய குழுவினரும் எல்சவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸ் தரவைக் கொண்டு தயாரிப்பது அது. எந்தப் பட்டியலில் பெயர் வந்தது என்பதைப் பொன்னாடைச் செய்தி சொல்வதே இல்லை.

அதிக மேற்கோள் என்றால் பெரிய கண்டுபிடிப்பு என்று அர்த்தமா? உலகிலேயே மிக அதிக மேற்கோள் பெற்ற ஆய்வுக் கட்டுரை எது என்று 'நேச்சர்' இதழ் 2014இல் கணக்குப் பார்த்தது. ஐன்ஸ்டீன் இல்லை. ஆலிவர் லவுரி என்ற உயிர்வேதியியலாளர் 1951இல் எழுதியது. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை. அப்போதே மேற்கோள் 3 லட்சத்தைத் தாண்டியிருந்தது. எல்லா ஆய்வகத்திலும் தேவைப்பட்ட செய்முறை, எல்லோரும் குறிப்பிட்டார்கள். அவ்வளவுதான்.

மறுபுறம் நம் சென்னையைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் தன் சகாக்களோடு 1963இல் வெளியிட்ட வரைபடம், புரதத்தின் வடிவம் பற்றிப் படிக்கும் எவரும் தாண்டிப் போக முடியாதது. உலகம் முழுக்கப் பாடநூல்களில் அது 'ராமச்சந்திரன் வரைபடம்' என்றே இருக்கிறது. அப்படிப் பொதுச்சொத்து ஆனதால், பயன்படுத்தும் பலர் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதே இல்லை. மேற்கோள் கணக்கில் அது குறைவாகத்தான் ஏறும்.

ராமச்சந்திரனைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்பே, 1954-55இல், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பை அவர் விளக்கினார். தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது கொலாஜன். மாதிரிக்காக அவர்கள் நாடியது அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை. தோல் எப்போது இறுகும், எதில் ஊறினால் இளகும், எத்தனை நாள் தாங்கும் என்பதையெல்லாம் அந்த நிலையம் 1948இல் வருவதற்குப் பல தலைமுறைகள் முன்பே கையால் அறிந்தவர்கள் யார்? திண்டுக்கல்லிலும் ஆம்பூரிலும் சுண்ணாம்புத் தொட்டியில் கால் வெந்தவர்கள். அந்த அறிவை எந்தக் கட்டுரையின் மேற்கோள் பட்டியலிலும் நாம் பார்த்ததில்லை.

எண்ணுக்கு மதிப்பு வந்ததும் எண்ணைத் தயாரிக்கும் தொழிலும் வந்துவிட்டது. ஸ்பெயினில் கோர்டோபா பல்கலைக்கழக வேதியியலாளர் ரஃபேல் லூக்கே உலகில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படுபவர்களில் ஒருவர். 2023இன் முதல் சில மாதங்களில் சராசரியாக 37 மணி நேரத்துக்கு ஒரு கட்டுரை வெளியிட்டார். முழுநேரச் சம்பளம் இங்கே வாங்கிக்கொண்டு சவூதிப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் போட்டுக்கொண்டதற்காக அவரை 13 ஆண்டுகள் சம்பளமின்றி இடைநீக்கம் செய்தார்கள். நம் பக்கத்திலும் குறைவில்லை. திருப்பதியில் ஒரு வேதியியல் பேராசிரியர் 2004 முதல் 2007 வரை வெளியிட்ட சுமார் 70 கட்டுரைகள் திருட்டும் புனைவும் என்று 2008இல் அம்பலமானது. சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, இளநிலை மாணவர்களைக் கொண்டு கட்டுரைகளை எழுதவைத்து, அவற்றில் தன் கல்லூரிக் கட்டுரைகளையே மேற்கோள் காட்டி எண்ணிக்கையைப் பெருக்கியது என்று 2023 ஜூனில் 'சயின்ஸ்' இதழ் எழுதியது. கல்லூரி மறுத்தது. தேசியத் தரவரிசையில் அந்தக் கல்லூரி முதலிடத்தில் இருந்த காலம் அது.

இதையெல்லாம் செய்தவர்களின் 'தகுதி'யை ஒருவரும் அவர்களுடைய சாதியைச் சொல்லி விசாரித்ததில்லை. ஒதுக்கீட்டு இடத்துக்கு நேர்காணல் நடந்தால் மட்டும் 'தகுதியானவர் எவரும் இல்லை' என்று கோப்பை மூடிவிடுகிறார்கள்.

விதிமுறையைப் பார்ப்போம். யுஜிசியின் 2018 ஒழுங்குமுறைப்படி இணைப் பேராசிரியராக 7 கட்டுரைகளும் 75 ஆய்வு மதிப்பெண்ணும் தேவை. பேராசிரியராக 10 கட்டுரைகளும் 120 மதிப்பெண்ணும். இதழின் 'இம்பாக்ட் ஃபேக்டர்' கூடக் கூட மதிப்பெண்ணும் கூடும். அந்த எண் இதழுடையது, கட்டுரையுடையது அல்ல. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு வந்த சராசரி மேற்கோள் அது. வகுப்புச் சராசரியை வைத்து ஒரு மாணவனுக்கு மார்க் போடுவதுபோலத்தான்.

அதைவிட முக்கியமானது பங்கு பிரிப்பு. ஒரு கட்டுரையில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால், முதல் ஆசிரியருக்கோ பொறுப்பாசிரியருக்கோ 70 சதவீதம், மற்றவர்களுக்கு ஆளுக்கு 30 சதவீதம். பெயர் எந்த இடத்தில் வருகிறது என்பது சம்பளக் கேள்வி, வாழ்க்கைக் கேள்வி. இரவெல்லாம் குடுவை கழுவி, கரைசல் கலக்கி, அளவெடுத்தவன் பெயர் நான்காவதாக வருவதும், நன்றியுரையில் ஒரு வரியாகச் சுருங்குவதும் ஆய்வகங்களில் நடக்காததல்ல. நன்றியுரைக்கு மதிப்பெண் கிடையாது.

பெயர் என்றதும் நமக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. தமிழ்நாடு பெருமளவு அப்படியே செய்தது. நம் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் தலைப்பெழுத்து மட்டுமே நிற்கிறது. ஆனால் ஆய்விதழ்களின் கணினி 'குடும்பப் பெயர்' கேட்கிறது. இந்தியாவின் பல பகுதிகளில் அந்தக் கட்டத்தை நிரப்புவது சாதிப் பெயர். நம் பிள்ளை என்ன எழுதுவான்? மாயாண்டி மகன் முருகன் ஓர் இதழில் 'எம். முருகன்' ஆகிறான். இன்னொன்றில் 'முருகன் மாயாண்டி'. மூன்றாவதில் அப்பா பெயரே முன்னால் வந்து 'மாயாண்டி எம்.' ஆகிவிடுகிறது. கணினிக்கு இவர்கள் மூவரும் வேறு வேறு ஆட்கள். மேலே சொன்ன 8 கட்டுரைகளையே எடுங்கள். 41, 9, 5, 0 ஒரு பெயரிலும், 18, 11, 6, 2 இன்னொரு பெயரிலும் போய்விட்டால் எச் இண்டெக்ஸ் 5 இல்லை. இரண்டு கணக்கிலும் 3, 3. ஆள் அதே ஆள், உழைப்பு அதே உழைப்பு. கல்யாணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்து மாற்றப்படும் பெண்களுக்கு இந்த இழப்பு இன்னும் அதிகம்.

இதற்கு வழி இருக்கிறது. 'ஆர்சிட்' என்ற 16 இலக்க எண்ணை இணையத்தில் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். 2012 முதல் இருக்கிறது. முதல் கட்டுரைக்கு முன்பே எடுத்து, எல்லா இதழிலும் அதைக் கொடுத்தால் பெயர் எப்படித் திரிந்தாலும் கணக்கு ஒன்றாக நிற்கும். பெயரையும் ஒரே வடிவத்தில் எழுதுங்கள்.

ஆனால் எண்ணுக்குள் வரவே விடாமல் தடுக்கப்படுகிறவர்களை என்ன எண் காட்டும்? சேலம் மாவட்டத்து செந்தில்குமார் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வுக்குச் சேர்ந்தவர். 2008 பிப்ரவரியில் விடுதியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு நெறியாளரே ஒதுக்கப்படவில்லை என்பதுதான் அன்று எழுந்த முதன்மைக் குற்றச்சாட்டு. நெறியாளர் இல்லாதவருக்கு ஆய்வகம் இல்லை, கட்டுரை இல்லை, மேற்கோள் இல்லை. நாட்டின் முன்னணி உயர்கல்வி நிறுவனங்களில் பேராசிரியர் பதவியில் இருக்கும் தலித்துகளும் பழங்குடியினரும் 1 சதவீதத்துக்கும் குறைவு என்று, தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற விவரங்களோடு 'நேச்சர்' 2023 ஜனவரியில் எழுதியது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், பழங்குடியினர் 8.6 சதவீதம்.

எண்களே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 'பையன் எப்படி, குடும்பம் எப்படி' என்று காதோடு காதாகப் பேசி வேலை கொடுத்த காலத்தைவிட, சுவரில் ஒட்டிய மதிப்பெண் பட்டியல் நமக்குச் சாதகமானது. எண் இருந்தால் எதிர்த்துக் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கலாம், நீதிமன்றத்தில் காட்டலாம். ஆனால் எண்ணோடு, கட்டுரையைப் படித்தும் பாருங்கள் என்கிறோம். 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனமும் 2015இன் லைடன் அறிக்கையும் விஞ்ஞானிகள் தரப்பிலிருந்தே இதைத்தான் சொல்லின.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஆய்வுக்குப் போகிற பிள்ளைகள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பணம் அனுப்பினால் சில நாளில் கட்டுரை வெளியிடுவதாக வாட்ஸ்அப்பில் வரும் எந்த இதழையும் நம்பாதீர்கள். 2018இல் யுஜிசி தன் பட்டியலிலிருந்து ஒரே அடியில் 4,305 இதழ்களை நீக்கியது. அவற்றில் காசு கட்டியவர்களின் காசு போனதுதான். 2025 பிப்ரவரியில் பின்னால் வந்த 'கேர்' பட்டியலையும் கைவிட்டுவிட்டது. இனி எது நல்ல இதழ் என்று நாமேதான் பார்க்க வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற யுஜிசி கட்டாயம் 2022 நவம்பரில் நீங்கிவிட்டது. யாராவது அவசரப்படுத்தினால் உங்கள் பல்கலைக்கழக விதியை எழுத்தில் கேளுங்கள். பெயர் வரிசையை ஆய்வு தொடங்கும்போதே நெறியாளரிடம் மரியாதையோடு பேசிவிடுங்கள். ஆய்வகக் குறிப்பேட்டில் நாள்தோறும் தேதியிட்டு எழுதுங்கள். சண்டை வந்தால் அதுதான் சாட்சி.

கட்டணம் கட்டிப் படிக்கும் உலக இதழ்களை இலவசமாகத் திறக்க 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. சுமார் 13,000 இதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கானது, தனியார் சுயநிதிக் கல்லூரிகள் இதில் வரவில்லை. உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். தெரியாது என்றால் முதல்வருக்கு மனு எழுதி, நகலில் அலுவலக முத்திரை வாங்கி வையுங்கள்.